போதைச் சார்பின் மரபியல்: இளம் ஆய்வாளர்களுக்கான நிதி நல்கைகள்

மது, புகையிலை, அபினி வகைப் பொருள்கள் ஆகியவற்றுக்கு ஒருவர் அடிமையாவதில் மரபணுக்களுக்கு என்ன பங்கு என்பதை ஆராயும் துறை போதைச் சார்பின் மரபியல் ஆகும். இந்தியாவில் இவ்வகை ஆய்வு பெரும்பாலும் அரசு வழங்கும் நிதி நல்கைகளை நம்பியே நடைபெறுகிறது. முனைவர் பட்டமோ மருத்துவ மேற்படிப்போ முடித்த முதல் சில ஆண்டுகளில் கிடைக்கும் நல்கைதான் ஓர் ஆய்வாளர் இத்துறையில் நிலைப்பாரா, வேறு துறைக்குச் செல்வாரா என்பதைப் பெரும்பாலும் முடிவு செய்கிறது.

இதில் ஓர் அடிப்படைச் சிக்கல் உண்டு. இளம் ஆய்வாளர்களுக்கான நல்கைகள் 2 முதல் 5 ஆண்டுகளில் முடிந்துவிடும். போதைச் சார்போ ஒரு மனிதரின் வாழ்வில் பல ஆண்டுகளில் மெல்ல உருவாகும் நோய். குறுகிய கால நிதியைக் கொண்டு நீண்ட கால நோயை எவ்வாறு ஆராய்வது என்பதைப் புரிந்துகொண்டால்தான் நல்கைத் திட்டங்களின் பயனும் எல்லையும் விளங்கும்.

இந்த ஆய்வு ஏன் தேவை?

மத்திய சமூக நீதித் துறை அமைச்சகத்துக்காக எய்ம்ஸ் மருத்துவமனையின் தேசிய போதைச் சார்பு சிகிச்சை மையம் நடத்திய கணக்கெடுப்பு 2019-இல் வெளியானது. 10 முதல் 75 வயது வரை உள்ளவர்களில் சுமார் 16 கோடிப் பேர் மது அருந்துவதாகவும், அவர்களுள் 5.7 கோடிப் பேருக்கு அது தீங்கு தரும் நிலையையோ சார்பு நிலையையோ எட்டிவிட்டதாகவும் அது கூறுகிறது. மதுச் சார்பு உடையவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சை பெற்றதாகத் தெரிவித்தார். புகையிலையைப் பொறுத்தவரை, 2016-17 உலக வயதுவந்தோர் புகையிலைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 28.6 விழுக்காட்டினரும் தமிழ்நாட்டில் 20 விழுக்காட்டினரும் ஏதேனும் ஒரு வடிவில் புகையிலையைப் பயன்படுத்தினர்.

மது அருந்துவோர் அனைவரும் அடிமையாவதில்லை. ஒரே வீட்டில் ஒரே சூழலில் வளர்ந்த அண்ணன் தம்பியருள் ஒருவர் அடிமையாகிறார், மற்றவர் ஆவதில்லை. இந்த வேறுபாட்டின் காரணம் தெரிந்தால் தடுப்பு முறைகளையும் மருந்துகளையும் செம்மைப்படுத்தலாம்.

மரபணுக்களின் பங்கு

இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் கொண்டு செய்யப்பட்ட ஆய்வுகள், மதுச் சார்பில் மரபுவழிப் பங்கு ஏறத்தாழ 50 விழுக்காடு எனக் காட்டுகின்றன. இதைப் பலரும் தவறாகப் புரிந்துகொள்வது உண்டு. ஒரு குடிநோயாளியின் நோயில் பாதி மரபணுவால் வந்தது, மீதி சூழலால் வந்தது என்பது இதன் பொருள் அன்று. ஒரு மக்கள் கூட்டத்தில் ஆளுக்கு ஆள் காணப்படும் வேறுபாட்டில் ஏறத்தாழப் பாதியை மரபணு வேறுபாடுகளால் விளக்க முடியும் என்பதே பொருள்.

நன்கு அறியப்பட்ட எடுத்துக்காட்டு மதுவைச் செரிக்கும் நொதிகளாகும். உடலுக்குள் செல்லும் ஆல்கஹால் முதலில் அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப் பொருளாக மாறுகிறது. அதனை மற்றொரு நொதி அசிட்டேட்டாக மாற்றித் தீங்கற்றதாக்குகிறது. சீனா, ஜப்பான், கொரியா ஆகிய நாடுகளில் பலருக்கு இந்த இரண்டாவது நொதி மரபுவழியாகவே சரிவரச் செயல்படுவதில்லை. சிறிதளவு குடித்தாலும் அவர்களுக்கு முகம் சிவந்து, குமட்டலும் படபடப்பும் உண்டாகின்றன. இதனால் அவர்கள் மதுவுக்கு அடிமையாகும் வாய்ப்பு குறைகிறது. குடியை நிறுத்த விரும்புவோருக்கு மருத்துவர்கள் தரும் டைசல்ஃபிராம் மாத்திரையும் இதே நொதியைத் தடுத்தே செயல்படுகிறது. அதாவது, சிலருக்கு மரபணு இயல்பாகச் செய்வதை இம்மருந்து செயற்கையாகச் செய்கிறது. இந்த மரபணு மாற்றம் தமிழர்கள் உள்ளிட்ட பெரும்பாலான இந்திய மக்களிடம் அரிது. ஆகவே கிழக்கு ஆசியாவில் கண்டறிந்ததை இங்கு அப்படியே பொருத்த முடியாது.

சிறிய மாதிரிகளின் ஆபத்து

நொதி மரபணுக்களைப் போல ஒரே மரபணு பெரிய விளைவை உண்டாக்குவது அரிது. போதைச் சார்பில் நூற்றுக்கணக்கான மரபணு இடங்கள் ஒவ்வொன்றும் மிகச் சிறிய பங்கே அளிக்கின்றன. அவற்றைக் கண்டறியப் பெருந்திரளான மக்களின் தரவு வேண்டும். 2019-இல் வெளியான ஒரு பன்னாட்டு ஆய்வு ஏறத்தாழ 12 இலட்சம் பேரின் தரவைக் கொண்டு, புகைத்தலுடனும் மதுப் பழக்கத்துடனும் தொடர்புடைய 400-க்கும் மேற்பட்ட மரபணு இடங்களைக் கண்டறிந்தது.

மாறாக, 1990-இல் டோபமைன் ஏற்பி மரபணு ஒன்றுக்கும் குடிநோய்க்கும் தொடர்பு உண்டு என அறிவித்த புகழ்பெற்ற ஆய்வு, இறந்த 70 பேரின் மூளைத் திசுக்களை மட்டுமே ஆராய்ந்தது. குடிநோயாளிகள் 35 பேர், மற்றவர்கள் 35 பேர். 'குடிநோய் மரபணு' எனச் செய்தித்தாள்கள் அதனைக் கொண்டாடின. பின்னர் வந்த ஆய்வுகளோ ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளைத் தந்தன.

குறைந்த நிதி பெறும் இளம் ஆய்வாளர் எளிதில் விழக்கூடிய பள்ளம் இதுவே. கையில் உள்ள பணத்துக்கு ஏற்ப நூறு பேரிடம் இரத்தம் எடுத்து, ஒரு மரபணுவை மட்டும் பார்த்து, கட்டுரை வெளியிட்டுவிடலாம். ஆனால் அந்த முடிவு நிலைத்து நிற்கும் என்பதற்கு உறுதி இல்லை.

நம் மக்களின் தரவு

மேற்கூறிய 12 இலட்சம் பேரும் ஐரோப்பிய வழித்தோன்றல்கள். 2022-இல் அதே கூட்டமைப்பு 34 இலட்சம் பேராக ஆய்வை விரித்தபோதும், ஐரோப்பிய வழி அல்லாதவர்கள் 21 விழுக்காட்டினரே. ஓர் இனக்குழுவின் தரவைக் கொண்டு உருவாக்கிய மரபணு மதிப்பீடு மற்றோர் இனக்குழுவில் அதே துல்லியத்துடன் செயல்படுவதில்லை என்பது பல நோய்களில் காணப்பட்ட உண்மை.

அமெரிக்காவில் 2023 டிசம்பரில், அபினி வகை வலிநிவாரணிகளுக்கு அடிமையாகும் வாய்ப்பைக் கணிக்க 15 மரபணுக் குறிகளைக் கொண்ட ஒரு பரிசோதனைக்கு அனுமதி வழங்கப்பட்டது. மறு ஆண்டே மரபியல் வல்லுநர்கள் பலர் அந்த அனுமதியைத் திரும்பப் பெறுமாறு கோரினர். அச்சோதனை நோய் வாய்ப்பைக் காட்டாமல், ஒருவர் எந்த இன வழியினர் என்பதையே காட்டக்கூடும் என்பது அவர்கள் எழுப்பிய ஐயங்களுள் ஒன்று. இத்தகைய சோதனைகள் நாளை இந்தியச் சந்தைக்கு வரும்போது அவற்றைச் சரிபார்க்க இந்தியர்களின் தரவும், அதைப் படிக்கத் தெரிந்த இந்திய ஆய்வாளர்களும் தேவை.

இத்திசையில் மூன்று முயற்சிகள் குறிப்பிடத்தக்கவை. உயிரித் தொழில்நுட்பத் துறையின் ஜீனோம் இந்தியா திட்டம் 83 மக்கள் குழுக்களைச் சேர்ந்த ஏறத்தாழ 10,000 பேரின் முழு மரபுத்தொகுதியைப் படித்தது. அத்தரவு ஃபரிதாபாத்தில் உள்ள இந்திய உயிரியல் தரவு மையத்தில் வைக்கப்பட்டு, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டது. பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனமும் பிற ஆய்வகங்களும் இணைந்து நடத்தும் ஏ.டி.பி.எஸ். திட்டம், ஒரே குடும்பத்தில் பலர் கடும் மனநோயாலோ போதைச் சார்பாலோ பாதிக்கப்பட்ட குடும்பங்களைத் தொடர்ந்து கவனித்து வருகிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நிதியளித்த சி-வேதா என்னும் ஆய்வு, இந்தியாவில் ஏழு இடங்களில் 6 முதல் 23 வயது வரை உள்ளவர்களைச் சேர்த்து, போதைச் சார்பு தோன்றும் முன்பிருந்தே அவர்களைக் கவனிக்கத் தொடங்கியது.

இந்தியாவில் கிடைக்கும் நல்கைகள்

போதைச் சார்பின் மரபியலுக்கென்று தனியாக அமைந்ததல்ல, ஆனால் இத்துறையினரும் விண்ணப்பிக்கக் கூடிய முக்கியத் திட்டங்கள் பின்வருமாறு:

இந்தியா அலையன்ஸ் தொடக்கநிலை ஆய்வு நல்கை: உயிரித் தொழில்நுட்பத் துறையும் பிரிட்டனின் வெல்கம் அறக்கட்டளையும் 2008-இல் தொடங்கிய கூட்டு அமைப்பு வழங்குவது. ஐந்து ஆண்டுகள் நீடிக்கும். அறிவியலாளர்களோடு மருத்துவர்களும் பொது நலவாழ்வு ஆய்வாளர்களும் விண்ணப்பிக்கலாம்.

இன்ஸ்பயர் ஃபேகல்டி: அறிவியல் தொழில்நுட்பத் துறையின் திட்டம். 27 முதல் 32 வயது வரை உள்ள முனைவர் பட்டம் பெற்றோருக்கு ஐந்து ஆண்டுகள் ஊதியமும் ஆய்வுச் செலவும் கிடைக்கும். சில பிரிவினருக்கு வயதுத் தளர்வு உண்டு.

பிரதமர் தொடக்கநிலை ஆய்வு நல்கை: 2023-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி உருவான அனுசந்தான் தேசிய ஆராய்ச்சி அறக்கட்டளை வழங்குவது. நிலையான பணியில் அண்மையில் சேர்ந்த ஆசிரியர்களுக்கும் அறிவியலாளர்களுக்கும் மூன்று ஆண்டுகளில் 60 இலட்சம் ரூபாய் வரை கிடைக்கும்.

ராமலிங்கசுவாமி மறுவருகை நல்கை: வெளிநாட்டில் பணியாற்றும் இந்திய ஆய்வாளர்கள் தாயகம் திரும்ப உயிரித் தொழில்நுட்பத் துறை வழங்கும் ஐந்தாண்டு உதவி.

இவை அனைத்திலும் வேதியியல், தாவரவியல், புற்றுநோய் ஆய்வு எனப் பல துறையினரோடு போட்டியிட்டே வெல்ல வேண்டும். அமெரிக்காவில் நிலை சற்று வேறு. அங்கு தேசிய போதைப்பொருள் பயன்பாட்டு ஆய்வு நிறுவனம், போதைச் சார்பின் மரபியலுக்கென்றே 'அவெனிர்' என்ற விருதினை இளம் ஆய்வாளர்களுக்காக ஏற்படுத்தியது. ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுதோறும் 3 இலட்சம் டாலர் வரை வழங்குவது அதன் அமைப்பு. முன்தரவு இல்லாவிட்டாலும் புதிய எண்ணம் உடையவர்களுக்கு வாய்ப்பளிப்பது அதன் தனிச்சிறப்பு. முன்தரவு இருந்தால்தான் நல்கை, நல்கை இருந்தால்தான் முன்தரவு என்ற சுழலில் சிக்கும் இளைஞர்களுக்கு இது பெரிய உதவி.

கேளம்பாக்கத்திலிருந்து ஓர் எடுத்துக்காட்டு

நல்கை நடைமுறையில் எவ்வாறு செலவாகும் என்பதை ஒரு கற்பனை எடுத்துக்காட்டால் விளக்கலாம். பழைய மாமல்லபுரம் சாலையும் வண்டலூர்ச் சாலையும் சந்திக்கும் கேளம்பாக்கத்தில் மருத்துவக் கல்லூரியுடன் கூடிய நிகர்நிலைப் பல்கலைக்கழகமான செட்டிநாடு அகாதமி உள்ளது. அதே சாலை வழியே வடக்கே சென்றால் அடையாறு. அங்கு சாந்தி ரங்கநாதன் 1980-இல் நிறுவிய டி.டி.கே. போதை மறுவாழ்வு மருத்துவமனை இயங்குகிறது. ஆகவே ஆய்வகமும் மருத்துவமனையும் ஒரே சாலைத் தொடர்பில் அமைந்த பகுதி இது. இப்பகுதிக் கல்லூரி ஒன்றில் பணியில் சேர்ந்த ஓர் இளம் உதவிப் பேராசிரியருக்கு மூன்றாண்டு நல்கையாக 60 இலட்சம் கிடைத்தது எனக் கொள்வோம்.

ஓர் ஆய்வு மாணவருக்கு முதல் இரண்டு ஆண்டுகள் மாதம் 37,000, மூன்றாம் ஆண்டு மாதம் 42,000 என்ற தேசிய உதவித்தொகை அளவில், வீட்டு வாடகைப் படி இல்லாமலே 13 இலட்சத்து 92 ஆயிரம் ரூபாய் ஆகும். இருவரை அமர்த்தினால் 27 இலட்சத்து 84 ஆயிரம். அதாவது நல்கையில் ஏறத்தாழப் பாதி. மீதியில் பெரிய கருவி ஒன்றை வாங்கிவிட்டால் நோயாளிகளைச் சந்திக்கவும் மாதிரிகளை ஆராயவும் பணம் இராது.

காலமும் அப்படியே. நெறிமுறைக் குழுவின் ஒப்புதல், ஆள் எடுப்பு, கொள்முதல் ஆகியவற்றிலேயே முதலாண்டின் பெரும்பகுதி கழியும். இரண்டாம் ஆண்டில் குடும்பங்களைச் சந்தித்து மாதிரி சேகரிக்கலாம். மூன்றாம் ஆண்டில் ஆய்வும் அறிக்கையும். இத்தனைக்குள் ஆயிரக்கணக்கானோரைச் சேர்ப்பது தனி ஒருவரால் இயலாது.

எனவே அவர் செய்யக்கூடியவை நான்கு. ஒன்று, கருவி வாங்காமல் பொது ஆய்வகங்களில் மாதிரிகளைப் படிக்கச் செய்வது. இரண்டு, தாமே புதிதாக வினாப்பட்டியல் உருவாக்காமல், உலக நலவாழ்வு நிறுவனத்தின் பத்து வினாக்கள் கொண்ட 'ஆடிட்' மதிப்பீடு போன்ற பொதுக் கருவிகளையே பயன்படுத்துவது. அப்போதுதான் கேளம்பாக்கத்தின் தரவைப் பெங்களூரின் தரவோடு பின்னாளில் சேர்க்க முடியும். மூன்று, ஒப்பீட்டுக்கு ஜீனோம் இந்தியா போன்ற திறந்த தரவைப் பயன்படுத்துவது. நான்கு, ஏற்கெனவே நடைபெறும் நீண்ட கால ஆய்வுடன் தம் சிறிய ஆய்வை இணைத்துக்கொள்வது. இவ்வாறு செய்தால் மூன்றாண்டு நல்கை தனித்த குட்டையாகத் தேங்காமல் பெரிய ஆற்றில் கலக்கும் வாய்க்கால் ஆகிறது.

நெறிமுறைப் பொறுப்பு

போதைச் சார்பு நம் சமூகத்தில் இன்றும் வெட்கத்துக்குரியதாகவே பார்க்கப்படுகிறது. 'குடிக்கும் பரம்பரை' என்ற பழிச்சொல் ஒரு குடும்பத்தின் திருமணப் பேச்சையே முறித்துவிடும். ஆகவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு நெறிமுறைகளின்படி, பங்கேற்பவர்க்குப் புரியும் மொழியில் விளக்கி எழுத்துவழி ஒப்புதல் பெறுவதும், பெயரை நீக்கிக் குறியீட்டு எண்ணுடன் தரவைப் பாதுகாப்பதும் கட்டாயம். போதையில் இருக்கும்போதோ, நிறுத்திய பின் வரும் நடுக்கத்தின்போதோ பெறும் கையொப்பம் உண்மையான ஒப்புதல் ஆகாது. ஒரு சாதியையோ பழங்குடியையோ குடிக்கு ஆளாகும் இனம் எனக் குறிக்கும் வகையில் முடிவுகளை எழுதுவதும் அறிவியலுக்கு மாறானது. மரபணு வாய்ப்பைக் கூட்டலாம், குறைக்கலாம், விதியை எழுதுவதில்லை.

மாணவர்கள் தொடங்கும் இடம்

மருத்துவ இளநிலை மாணவர்களுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் குறுகிய கால ஆய்வு உதவித்தொகை உள்ளது. 1979 முதல் நடைபெறும் இத்திட்டத்தில், ஓர் ஆசிரியரின் வழிகாட்டலில் இரண்டு மாதம் சிறிய ஆய்வொன்றைச் செய்யலாம். அறிவியல் முதுநிலை மாணவர்கள் நெட் தேர்வின் வழியே ஆய்வு உதவித்தொகை பெறலாம். இத்துறைக்கு உயிரியலோடு புள்ளியியலும் கணினி நிரலாக்கமும் தேவை. அவற்றுக்கு இணையாகத் தேவைப்படுவது, ஒரு குடிநோயாளியின் மனைவியிடமும் பிள்ளைகளிடமும் பொறுமையாக அமர்ந்து பேசும் பழக்கம். மாதிரிக் குழாயில் இருக்கும் இரத்தத்தை எந்த ஆய்வகமும் படித்துவிடும். அது யாருடைய இரத்தம், எந்த வயதில் குடி தொடங்கியது, எப்போது நிறுத்த முயன்றார் என்ற விவரங்களைச் சரியாகக் கேட்டு எழுதினால்தான் அந்த மரபணுத் தரவுக்குப் பொருள் கிடைக்கும்.