இருமல் மறைத்த ஒலி

காதுக்கு வந்து சேர்ந்த ஒலியைத்தான் கேட்கிறோம் என்று நாம் நம்புகிறோம். அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் வாரன் 1970இல் அந்த நம்பிக்கையை ஓர் இருமலால் அசைத்துப் பார்த்தார்.

ஓர் ஆங்கில வாக்கியத்தைப் பதிவுசெய்து, அதில் வரும் 'லெஜிஸ்லேச்சர்ஸ்' என்ற சொல்லின் நடுவிலுள்ள 'ஸ்' ஒலியை வெட்டியெடுத்தார். அந்த இடத்தில் ஓர் இருமலை ஒட்டினார். கேட்ட 20 பேரில் 19 பேர், எந்த ஒலியும் விடுபடவில்லை என்றார்கள். மீதி ஒருவர் விடுபட்டதாகச் சொன்னதோ வேறோர் ஒலியை! இருமல் எந்த இடத்தில் வந்தது என்பதைக்கூடக் கேட்டவர்களால் சரியாகச் சொல்ல முடியவில்லை. இருமலுக்குப் பதில் மௌனத்தை வைத்தால் மட்டும் குறை தெரிந்துவிட்டது. இருமலுக்கு அடியில் ஒலி புதைந்திருக்க வாய்ப்புண்டு. மௌனத்தில் அது எங்கே ஒளியும்?

அவர் செய்த இன்னொரு சோதனைதான் என்னை மிகவும் வியக்கவைக்கிறது. ஓர் ஆங்கில வாக்கியத்தின் நடுவே, முதல் ஒலியை இருமல் விழுங்கிவிட்ட '-ஈல்' என்ற அரைச்சொல். வாக்கியத்தின் கடைசிச் சொல் வண்டியின் அச்சு என்றால், அது சக்கரத்தைக் குறிக்கும் 'வீல்' என்று கேட்டது. ஷூ என்றால் 'ஹீல்' (குதிகால்), ஆரஞ்சு என்றால் 'பீல்' (தோல்), மேசை என்றால் 'மீல்' (சாப்பாடு). பதிவில் மாறியது கடைசிச் சொல் மட்டுமே. பின்னால் வந்த சொல், முன்னால் கேட்ட ஒலியைத் தீர்மானித்திருக்கிறது!

சூழலை வைத்து விடுபட்டதை நிரப்பும் இந்தத் திறமை, ஓலைச்சுவடி படித்தவர்களின் கண்ணுக்கும் வேண்டியிருந்தது. சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் பெரும்பாலும் புள்ளி இருக்காது; எகரத்துக்கும் ஏகாரத்துக்கும் ஒரே வடிவம். பாட்டின் போக்கைப் பிடித்துத்தான் எழுத்தையே படிக்க வேண்டும்.

இரைச்சலுக்கு நடுவே தனியாகச் சொன்னால் பிடிபடாத சொல், வாக்கியத்தில் வைத்துச் சொன்னால் எளிதில் பிடிபடுகிறது என்று உளவியலாளர் ஜார்ஜ் மில்லரும் அவருடைய சகாக்களும் 1951லேயே காட்டினார்கள். வீட்டில் பெரியவர்கள் இருப்பவர்கள் இதை மனத்தில் வைக்க வேண்டும். முதுமையில் முதலில் மங்குவது உச்சஸ்தாயி ஒலிகள்; ஸ, ச போன்றவை நழுவிப்போகும். அவர்களிடம் "மாத்திரை, மாத்திரை" என்று கத்தாதீர்கள். "தாத்தா, உங்க சுகர் மாத்திரையப் பத்திக் கேக்குறேன், காலையில போட்டாச்சா?" என்று பேச்சு எதைப் பற்றியது என்பதை முதலில் சொல்லி, முழு வாக்கியமாக, நிதானமாகக் கேளுங்கள். விடுபட்ட ஒலிகளை அவர்களுடைய மூளையே நிரப்பிக்கொள்ளும்.