பைதன் மொழியின் இருப்பிடமும் பொதிகளின் முகவரியும்

ஊவாத் தோட்டங்களில் ஒரு கடிதம் உரியவரை அடையும் வழியைப் பலரும் அறிவர். லயக் காம்பராக்களுக்குத் தனித்தனி முகவரி இல்லாதவிடத்துக் கடிதம் தோட்டத்தின் பெயருக்கே வரும், அலுவலகத்திலே தங்கும், பின்னர்க் கைமாறி, டிவிசன் கடந்து செல்லும். கடிதம் தோட்டத்துக்கு வந்துவிட்டது என்பதும் ஆளுக்குக் கிடைத்தது என்பதும் ஒன்றல்ல. கணினியில் நிறுவிய பொதியொன்று பின்னர்க் காணப்படாமற் போவதும் இத்தகையதே.

பசறைப் பக்கத் தோட்டமொன்றைச் சேர்ந்த மாணவியொருவர் மலையக நாட்டார் பாடல்களின் சொல்லாட்சியைப் பைதன் மொழியின் துணைகொண்டு ஆராய முற்பட்டார். பைதன் எண்ணுவது யூனிகோட் குறியீடுகளை. ஆதலின் ‘கொழுந்து’ என்னும் சொல்லின் நீளம் எட்டு என விடை தந்தது. தமிழிலக்கணப்படி கொ, ழு, ந், து என நான்கெழுத்தே. இக்குறையை நீக்க ‘ஓப்பன்-தமிழ்’ என்னும் பொதி உளது. அதனை நிறுவினார்; முடிந்தது என்றது கணினி. செய்நிரலை இயக்கினார்; அப்படியொன்று இல்லை என்றது. பைதனையே நீக்கி மீளவும் பதிவிறக்கிப் பார்த்தார். மிஞ்சியது இணையச் செலவு மட்டுமே.

அவரது கணினியில் இரண்டு பைதன்கள் இருந்தன. பொதி ஒன்றிற் சென்று தங்கியது. செய்நிரலை இயக்கியதோ மற்றொன்று.

பணிசெயல் முறைமைதோறும் இருப்பிடம் மாறுபடும். விண்டோசில் ஒருவர் தம் பயன்பாட்டுக்கு மட்டும் நிறுவின், பைதன் பொதுவாக அவரது பயனர் அடைவினுள் ‘ஆப்டேட்டா’ என்னும் மறைந்த கோப்புறையின் அடியில் அமையும்; பொதிகள் அதனுள் ‘லிப்’, அதனுள்ளே ‘சைட்-பேக்கேஜஸ்’ என்னும் அடைவிற் கிடக்கும். மறைந்த கோப்புறையாதலின் தேடுவார் கண்ணிற் படுவதில்லை. லினக்சு வகைகளுள் டெபியனும் உபுண்டுவும் தம்முடன் வரும் பொதிகளை ‘டிஸ்ட்-பேக்கேஜஸ்’ என வேறு பெயரிட்டு வைக்கும். மாக் கணினியில் ‘லைப்ரரி’யின் கீழ் ‘ஃபிரேம்வொர்க்ஸ்’ என்பதனுள் அமைவதும் உண்டு. ஹோம்புரூ வழியாக நிறுவின் அதுவும் மாறும்.

இவற்றை மனனஞ் செய்தல் வீண் முயற்சி என்பதே என் கருத்து. இயங்கும் பைதனையே வினாவுதல் வேண்டும். ‘சிஸ்’ என்னும் கூறினை அழைத்து, அதன் ‘எக்சிகியூட்டபிள்’ யாது எனக் கேட்பின் தான் இருக்குமிடத்தைக் கூறும். ‘பாத்’ யாது எனக் கேட்பின் பொதிகளைத் தேடும் இடங்களை வரிசையாகத் தரும். (ஆணைகளை ஒலிப்பின்படி எழுதியுள்ளேன், தட்டும்போது ஆங்கிலச் சிற்றெழுத்துக்களே வேண்டும்.) நிறுவும்போதும் வெறுமனே ‘பிப்’ என்று தொடங்காது, ‘பைதன் -எம் பிப் இன்ஸ்டால்’ என ஆணையிடுதல் தகும். அப்போது பொதி, அழைக்கப்பட்ட அந்தப் பைதனுக்கே சென்று சேரும். லினக்சிலும் மாக்கிலும் பெரும்பாலும் ‘பைதன்3’ எனல் வேண்டும்.

பெயராலும் மயக்கம் நேர்வதுண்டு. தோட்டமொன்றுக்குப் பதிவேட்டில் ஆங்கிலப் பெயரும் தொழிலாளர் வாயில் முற்றிலும் வேறான தமிழ்ப் பெயரும் வழங்குதல் போல, ‘ஓப்பன்-தமிழ்’ என நிறுவிய பொதியைச் செய்நிரலில் ‘தமிழ்’ என்றே அழைக்கவேண்டும். அவ்வாறிருக்க, ஒருவர் தம் செய்நிரற் கோப்புக்கும் ஆங்கில எழுத்தில் அதே பெயரை இட்டாராயின், பொதிக்குப் பதிலாக அக்கோப்பே அழைக்கப்படும். தேடல் வரிசையில் செய்நிரல் இருக்கும் அடைவே முதலாவதாகலின்.

2023இல் வெளிவந்த டெபியன் 12 முதலியவை, முறைமைக்குரிய பைதனில் ‘பிப்’ கொண்டு நேரே நிறுவுவதை மறுக்கின்றன. இதனைப் பழுதெனக் கொள்ளலாகாது. முறைமையின் பிற கருவிகள் அப்பைதனையே நம்பியுள்ளன. 2012இல் பைதன் 3.3உடன் வந்த ‘வென்வ்’ என்னும் வசதியால் ஆய்வுக்கெனத் தனி அடைவை ஆக்கிக்கொள்ளலாம். அதனைப் பயன்படுத்துவோர்க்குப் பைதனும் பொதிகளும் ஓரிடத்தே அமையும். ஆய்வு முடிந்தால் அவ்வடைவை அழித்துவிடலாம்.

மாணவியின் கணினியில் செய்நிரலை இயக்கிய பைதனை வினாவி, அதன் முகவரிக்கே பொதியை நிறுவினோம். ஒரே பதிவிறக்கம், ‘கொழுந்து’ நான்கெழுத்தாயிற்று.