பெம்புரோக்சையரின் அரிய பறவைகள்

பெம்புரோக்சையர் என்பது வேல்ஸ் நாட்டின் தென்மேற்கு முனையில் அமைந்துள்ள ஒரு கவுண்டி (மாவட்டம் போன்ற நிருவாகப் பிரிவு) ஆகும். சிற்றூர்களும் பண்ணைகளும் மிகுந்த இப்பகுதி, அரிய பறவைகள் பதிவாகும் இடமாகப் பறவை நோக்கர்களிடையே அறியப்படுகிறது. வழக்கமான வலசைப் பாதையிலிருந்து விலகி இங்கு வந்து சேரும் பறவைகள் வழிதவறிய பறவைகள் எனப்படுகின்றன.

அமைவிடம்

இக்கவுண்டி மூன்று பக்கங்களில் கடலால் சூழப்பட்டுள்ளது. ஸ்கோமர், ஸ்கோக்ஹோம், ராம்சி, கிராஸ்ஹோம் ஆகியவை இதன் முக்கியத் தீவுகள். கடலைக் கடந்து களைப்புடன் வரும் பறவைகளுக்கு இத்தீவுகளும் கடல்முனைகளுமே முதலில் தென்படும் நிலங்களாக அமைகின்றன. தீவுகளில் மரங்கள் மிகக் குறைவு. ஆகவே வந்திறங்கும் சிறு பறவைகளைக் கண்டறிவது ஒப்பீட்டளவில் எளிது.

வரலாறு

இயற்கையியலாளர் ரொனால்ட் லாக்லி 1927 ஆம் ஆண்டு ஸ்கோக்ஹோம் தீவில் குடியேறினார். சுமார் 1 சதுர கிலோமீட்டர் பரப்புடைய அத்தீவில் 1933 ஆம் ஆண்டு பிரித்தானியாவின் முதல் பறவை ஆய்வுநிலையத்தை அவர் நிறுவினார். பறவைகளைப் பிடித்து வளையமிடுவதற்கு, புனல் வடிவிலான பெரிய கம்பிவலைப் பொறி அங்கு அமைக்கப்பட்டது. 1976 ஆம் ஆண்டுடன் வளையமிடும் பணி நின்றுபோனது. 2014 ஆம் ஆண்டு இந்நிலையம் மீண்டும் பறவை ஆய்வுநிலையமாக ஏற்பு பெற்றது.

வருகைக்கான காரணங்கள்

* மேற்குக் காற்று: இலையுதிர் காலத்தில் வட அமெரிக்காவிலிருந்து தெற்கு நோக்கிச் செல்லும் பறவைகள் புயலில் சிக்கி, 3,000 கிலோமீட்டருக்கும் அதிகமான கடலைக் கடக்க நேரிடுகிறது.
* இலக்கைத் தாண்டுதல்: இளவேனிலில் வடக்கு நோக்கித் திரும்பும் பறவைகள் சில, தம் வாழிடத்தைக் கடந்து மேலும் வடக்கே வந்துவிடுகின்றன.
* திசைப் பிழை: முதன்முறை வலசை செல்லும் இளம் பறவைகள் சில நேரங்களில் தவறான திசையில் பறக்கின்றன.

குறிப்பிடத்தக்க பதிவுகள்

* 1961, அக்டோபர் – ஸ்கோமர் தீவில் பிளாக்பர்னியன் கதிர்க்குருவி. இது ஐரோப்பாவின் முதல் பதிவாகும்.
* 1988, ஏப்ரல் – டினாஸ் முனையில் மூசியே ரெட்ஸ்டார்ட். வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இப்பறவை பிரித்தானியாவில் காணப்பட்டது அதுவே முதன்முறை.
* 1989 – ரோச் என்னும் சிற்றூரில் வட அமெரிக்காவின் பால்ட்டிமோர் ஓரியோல் குளிர்காலத்தைக் கழித்தது.
* 2023, செப்டம்பர் – லீ புயலின் எஞ்சிய காற்று அத்திலாந்திக்கைக் கடந்தபின், செயின்ட் கோவன்ஸ் முனையில் மக்னோலியா கதிர்க்குருவியும் கனடா கதிர்க்குருவியும் காணப்பட்டன. பின்னது பிரித்தானியாவிற்குப் புதியது.

இங்குக் குறிப்பிடப்படும் அமெரிக்கக் கதிர்க்குருவிகள் இந்தியாவில் காணப்படும் கதிர்க்குருவிகளிலிருந்து வேறுபட்ட தனிக் குடும்பத்தைச் சேர்ந்தவை.

பதிவுகளைச் சரிபார்த்தல்

ஒருவர் ஓர் அரிய பறவையைக் கண்டதாகக் கூறுவது மட்டும் பதிவாகிவிடாது. இடம், நாள், அளவு, நிறம், குரல், ஒத்த இனங்களிலிருந்து வேறுபடுத்திய முறை ஆகியவற்றை அவர் எழுத்து வடிவில் அளித்தல் வேண்டும். பிரித்தானிய அளவில் அரிதான இனங்களை, 1959 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட பிரித்தானியப் பறவைகள் அரும்பதிவுக் குழு ஆராய்கிறது. நாட்டிற்கே புதிய இனமாயின், பிரித்தானியப் பறவையியலாளர் ஒன்றியத்தின் குழுவும் அதனை ஆராய்கிறது.

இக்கண்டிப்பிற்குத் தக்க காரணம் உண்டு. இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ் பகுதியில் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பதிவான ஏராளமான அரிய பறவைகள் ஐயத்திற்குரியவை என 1962 ஆம் ஆண்டு எடுத்துக்காட்டப்பட்டு, அப்பதிவுகள் நீக்கப்பட்டன. இதற்கு மாறாக, அதற்கு முந்தைய ஆண்டு ஸ்கோமரில் காணப்பட்ட பிளாக்பர்னியன் கதிர்க்குருவியின் பதிவு, பல ஆண்டுகள் கழித்து மறுஆய்வில் ஏற்கப்பட்டது. கண்ட பொழுதே எழுதிவைத்த குறிப்பின் மதிப்பை இது காட்டுகிறது.

முக்கியத்துவம்

ஒரு தனிப்பறவையின் வருகை அவ்வினத்தின் பரவலை மாற்றிவிடுவதில்லை. வழிதவறிய பறவைகளுள் பல மீண்டும் தம் வாழிடத்தை அடைவதும் இல்லை. எனினும் நீண்டகாலப் பதிவுகள் ஒன்றுசேரும்போது காற்றோட்டம், வலசைக் காலம், இனப் பரவல் ஆகியவற்றில் ஏற்படும் மாற்றங்களை அறிய அவை உதவுகின்றன. களைத்த பறவையை நெருங்காமலும் விரட்டாமலும் தொலைவிலிருந்து நோக்குவது பறவை நோக்கர்களின் முதன்மையான நெறியாகக் கருதப்படுகிறது.

இவற்றையும் பார்க்க

* பறவை நோக்கல்
* வலசை போதல்
* வேல்ஸ்