ஏஎன்ஏ பாசிட்டிவ்னா கல்லீரல் போச்சா?

இப்பல்லாம் லேப் ரிப்போர்ட் டாக்டர் பார்க்கறதுக்கு முன்னாடியே நம்ம வாட்ஸ்அப்புக்கு வந்துடுது. அதுல "ஏஎன்ஏ பாசிட்டிவ்"னு ஒரு வரி இருந்தா, ராத்திரி தூக்கம் போச்சு. அந்த வரிக்கு என்ன அர்த்தம்னு பார்ப்போம்.

நம்ம நோய் எதிர்ப்பு அமைப்பு சொந்தக் கல்லீரலையே தாக்கறதுதான் ஆட்டோஇம்யூன் ஹெபடைடிஸ். அப்போ ரத்தத்துல ஏஎன்ஏ, எஸ்எம்ஏ போன்ற ஆன்டிபாடிகள் தென்படலாம். குழந்தைகள்ல சிலருக்கு எல்கேஎம்-1. பித்த நாளங்களைத் தாக்கற பிபிசி நோய்க்கு ஏஎம்ஏ. அந்த நோயாளிகள்ல 90 சதவீதத்துக்கு மேல இது இருக்கும்.

1:40, 1:80ங்கறது ரத்த சீரத்தை எவ்வளவு நீர்த்தும் ஆன்டிபாடி தெரியுதுங்கற கணக்கு. பின்னால வர்ற எண் பெருசானா ஆன்டிபாடி அதிகம்னு அர்த்தம்.

இங்கதான் சிக்கல். 1997ல வந்த ஒரு பன்னாட்டு ஆய்வுல, ஆரோக்கியமானவங்கள்லயே சுமார் 32 சதவீதம் பேருக்கு 1:40ல ஏஎன்ஏ பாசிட்டிவ். 1:80ல 13, 1:160ல 5 சதவீதம். அதாவது லட்சம் பேரைச் சோதிச்சா, 1:40ல முப்பதாயிரம் பேருக்கு மேல பாசிட்டிவ் வரும். நோயோ, ஐரோப்பியக் கணக்குப்படி, லட்சத்துக்குச் சில பத்துப் பேருக்குத்தான். எஸ்ஜிபிடி நார்மலா இருக்கறவர் சும்மா எடுத்த டெஸ்ட்ல பாசிட்டிவ் வந்தா, அது பெரும்பாலும் வெறும் இரைச்சல். எஸ்ஜிபிடி பல மடங்கு ஏறியிருந்தா கதையே வேற.

அதனாலதான் 2008ல வந்த எளிய மதிப்பெண் முறை நாலு விஷயத்தைச் சேர்த்துப் பார்க்குது: ஆன்டிபாடி, ஐஜிஜி, வைரஸ் இல்லைங்கறது, பயாப்ஸி. ஒவ்வொண்ணுக்கும் அதிகபட்சம் 2. 6 வந்தா "இருக்கலாம்", 7 வந்தா "உறுதி". கூட்டிப் பாருங்க: பயாப்ஸி இல்லாம 6க்கு மேல போகவே முடியாது! ஆன்டிபாடி நெகட்டிவ்னாலும் நோய் இல்லைன்னு சொல்ல முடியாது.

இன்னொரு வில்லன், கஷாயம். கொரோனா காலத்துல பலரும் சீந்தில் கொடி குடிச்சாங்க. 2020 கடைசியில மும்பையில 6 பேருக்குக் கல்லீரல் பாதிப்பு. 2022ல இந்தியா முழுக்க 13 மையங்கள்லேர்ந்து 43 பேர் பத்தி ஆய்வு வந்தது. பலருக்கு இதே ஆன்டிபாடிகள். ஆயுஷ் அமைச்சகம் மும்பை ஆய்வை ஏத்துக்கல, விவாதம் நடந்தது. ஆனா டாக்டர்கிட்ட எதைக் குடிச்சோம்னு மறைக்காம சொல்றதுல நஷ்டமே இல்லை.

நோய் நிஜமா இருந்து விட்டுட்டா சிர்ரோசிஸ். இல்லாததுக்கு ஸ்டீராய்டு எடுத்தா சர்க்கரை, எலும்புத் தேய்மானம், தொற்று. ரெண்டு பக்கமும் விலை அதிகம். அதனால ஒத்தை வரியை கூகுள்ல தேடாம, எல்லா ரிப்போர்ட்டும் எடுத்துக்கிட்டு கல்லீரல் டாக்டர்கிட்ட போங்க. நம்ம பக்கத்துல குரோம்பேட்டை ரேலா இருக்கு. அரசு மருத்துவமனைன்னா ஸ்டான்லி. கேட்க வேண்டிய முதல் கேள்வி: "என் எஸ்ஜிபிடியும் ஐஜிஜியும் எவ்வளவு?"