கல்லும் வேண்டாம், கம்பியும் வேண்டாம்... கங்கிலேயே கறி! தெரியுமா?

வாணலி கிடையாது. கம்பி வலை கிடையாது. தகதகவென்று கனலும் தணல் மேலேயே பச்சை மாட்டிறைச்சித் துண்டைத் தூக்கிப் போட்டுவிடுவது! நம்ப முடிகிறதா? ‘கருகிப் போகுமே, சாம்பலெல்லாம் ஒட்டிக்கொள்ளுமே’ என்று பதறுகிறீர்களா? பொறுங்கள். ஓர் அமெரிக்க அதிபரே இப்படித்தான் ஸ்டேக் சுட்டார்!

யார் அவர் தெரியுமா? டுவைட் ஐசனோவர்! 1944 ஜூன் 6 அன்று நார்மண்டியில் ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட வீரர்களை இறக்கிய அதே தளபதி! 1953 முதல் 1961 வரை அதிபர். சமையல் என்றால் அவருக்குக் கொள்ளை ஆசை. வெள்ளை மாளிகையின் மொட்டை மாடியிலேயே கரியடுப்பு மூட்டிக் கறி சுட்டவர்! கனமான ஸ்டேக்கில் உப்பு, மிளகு, பூண்டு தடவுவார். அப்படியே தணலில் போடுவார். அவ்வளவுதான்! கெட்டிஸ்பர்க்கில் இருந்த சொந்தப் பண்ணையில் ஆங்கஸ் மாடுகள் கூட வளர்த்தார். அமெரிக்காவில் இப்படிச் சுடும் கறிக்கு ‘ஐசனோவர் ஸ்டேக்’ என்றும் ஒரு பெயர் உண்டு!

தணல் எவ்வளவு சூடு தெரியுமா? எந்தத் திடப்பொருளும் லேசாகச் சிவந்து ஒளிவிடவே ஏறக்குறைய 525 டிகிரி செல்சியஸ் வேண்டும். இதை 1847லேயே கண்டு சொன்னவர் ஜான் வில்லியம் டிரேப்பர். ஆரஞ்சு நிறத்தில் ஜொலிக்கும் கரியோ 700 டிகிரியையும் தாண்டி நிற்கும்! ஆனால் பதமாக வெந்த ஸ்டேக்கின் நடுப்பகுதி? வெறும் 55 டிகிரி! கங்கு 700, கறியின் நடு 55, இரண்டுக்கும் இடையே இரண்டே விரல்கடை தூரம்! என்னைக் கேட்டால் சமையலில் இதைவிடப் பெரிய வித்தை இல்லை.

சரி, கறி ஏன் நொடியில் பொசுங்கிப் போகவில்லை? இங்கேதான் ஆச்சரியம்! கரிக்குள் எங்கு பார்த்தாலும் நுண்துளைகள். எடையும் குறைவு. உள்ளே இருக்கும் சூட்டை அது சட்டென்று வெளியே கடத்தாது. அதே சூட்டில் இரும்புத் தகடு இருந்தால் கதையே வேறு! தீமிதித் திருவிழாவில் பக்தர்கள் வெறுங்காலோடு பூக்குழி இறங்குகிறார்களே, அங்கேயும் கரியின் இந்தக் குணம் துணை நிற்கிறது. தெரியுமா உங்களுக்கு?

இன்னொன்று கேளுங்கள். கம்பி வலையில் சுடும்போது கொழுப்பு சொட்டும். குபீரென்று தீ எழும். கறியில் புகைக்கரி படியும். தணலிலேயே கறி படுத்துக்கிடந்தால்? அடியில் காற்று புக இடமே இல்லை! காற்று இல்லாமல் தீ எங்கிருந்து கொழுந்துவிடும்? தீயை அடக்குவது தீயின் மேல் கிடக்கும் கறிதான்!

சாம்பலுக்கு என்ன செய்வார்கள்? தலைமுடி காயவைக்கும் ட்ரையர்! ஆமாம், அதேதான்! அமெரிக்கத் தொலைக்காட்சிச் சமையல்காரர் ஆல்டன் பிரௌன் அதை வைத்துத்தான் சாம்பலை ஊதித் தள்ளினார். ‘ஸ்கர்ட்’ என்ற மெல்லிய வகை ஸ்டேக்குக்கு அவர் கொடுத்த நேரம், பக்கத்துக்கு ஒரே நிமிடம்! மேலே ஈரம் இல்லாமல் துடைத்துப் போட வேண்டும், அதுதான் சூட்சுமம். ஈரம் ஆவியாகித் தீரும்வரை மேற்பரப்பின் சூடு 100 டிகிரியைத் தாண்டாது. மொறுமொறுப்பும் மணமும் தருகிற வினை வேகம் பிடிப்பதோ 140 டிகிரி வாக்கில்! 1912இல் அதை விவரித்த மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளரின் பெயரே அதற்கு. இடுக்கியால் தூக்கும்போது கொழுப்பின் ஓரத்தில் மிளகளவு கங்கு ஒன்று ஒட்டிக்கொண்டு இன்னும் மினுக்கும். ஒரு தட்டு, விழுந்துவிடும்!

மனிதன் தீயை எப்போது கையாண்டான் தெரியுமா? தென்னாப்பிரிக்காவின் வொண்டர்வெர்க் குகை. வாசலிலிருந்து சுமார் 30 மீட்டர் உள்ளே சாம்பல்! கூடவே எரிந்த எலும்புத் துணுக்குகள்! வயது 10 லட்சம் ஆண்டுகள்! 2012இல் ஆய்வாளர்கள் இதை வெளியிட்டார்கள். பத்து லட்சம் ஆண்டு! கம்பி வலை அன்று ஏது?

ஒரே ஓர் எச்சரிக்கை. எந்தக் கரியும் ஆகாது! மரத்துண்டு அப்படியே கரியானது வேண்டும். மாவு சேர்த்து அச்சில் அழுத்திய கரி வில்லைகள் இதற்கு வேண்டாம், சாம்பல் அதிகம். திரவம் ஊற்றிப் பற்றவைப்பதும் கூடவே கூடாது, வாடை நேரே கறியில் ஏறும்!

அந்தக் கரி வில்லைகளை அமெரிக்கா முழுக்கப் பரப்பியது யார் தெரியுமா? ஹென்றி ஃபோர்டு! கார் ஃபோர்டேதான்! மாடல் டி காரின் உடலுக்கு மரம் அறுத்தார்கள். கழிவு மலையாகக் குவிந்தது. 1920களில் மிச்சிகனில் அதைக் கரியாக்கி அச்சில் அழுத்தினார்கள். உறவுக்காரர் எட்வர்ட் கிங்ஸ்ஃபோர்டின் பெயரில்தான் அந்தக் கரி இன்றும் விற்கிறது. அன்று எங்கே விற்றது? ஃபோர்டு கார் விற்கும் கடைகளில்! ஒரே கூரையின் கீழே காரும் கரியும்!