அம்மா சேர்த்த சில்லறை... அப்பா எழுதிய ஒரு வரி! - மார்மன் இளைஞர்களின் இரண்டு வருட வனவாசம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலம். தலைநகர் சால்ட் லேக் சிட்டியின் விமான நிலையம். பயணிகள் வெளியே வரும் இடத்தில் ஒரு கூட்டமே காத்து நிற்கிறது. கையில் பலூன்கள், 'வீட்டுக்கு நல்வரவு' என்று எழுதிய பதாகைகள். பாட்டி முதல் தள்ளுவண்டிக் குழந்தை வரை எல்லோரும் ஆஜர். கறுப்பு சூட், கழுத்தில் டை, சட்டைப் பையின் மேல் சின்னதாக ஒரு கறுப்புப் பெயர்ப்பட்டை. இப்படி ஓர் இளைஞன் வெளியே வருகிறான். கூட்டத்தைப் பிளந்துகொண்டு முதலில் ஓடுவது யார் என்று சொல்லத் தேவையில்லை. அம்மாதான்!

இந்தக் காட்சி அந்த ஊருக்குப் புதிதல்ல. 2020-ல் திறந்த புதிய முனையத்தில், இப்படித் திரண்டு வரும் குடும்பங்களை மனதில் வைத்தே வரவேற்புக்குத் தனி அறை கட்டிவிட்டார்கள்.

அந்த இளைஞன் மேல்படிப்புக்குப் போனவன் இல்லை. வேலைக்குப் போனவன் இல்லை. ராணுவத்துக்கும் போகவில்லை. இரண்டு வருடம் முன்பின் தெரியாத ஊரில், முன்பின் தெரியாதவர்களின் கதவைத் தட்டித் தன் மதத்தைப் பற்றிப் பேசிவிட்டு வருகிறான். சம்பளம்? ஒரு டாலர்கூடக் கிடையாது. செலவும் அவன் கையிலிருந்துதான்.

யார் இவர்கள்?

உலகம் 'மார்மன்' என்று அழைக்கும் இவர்களின் திருச்சபைக்கு 'பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபை' என்று பெயர். 1830-ல் நியூயார்க் மாநிலத்தில் ஜோசப் ஸ்மித் என்பவர் தொடங்கியது. பைபிளோடு 'மார்மன் புத்தகம்' என்ற நூலையும் இவர்கள் வேதமாகக் கொள்கிறார்கள். மது, புகையிலை மட்டுமல்ல, காபி, டீகூடத் தொடமாட்டார்கள். உலகம் முழுக்க ஒரு கோடியே எழுபது லட்சம் பேருக்கு மேல் உறுப்பினர்கள்.

இந்தச் சபையில் பிறந்த ஆண் பிள்ளைக்கு, வாழ்க்கையில் இரண்டு வருடத்தை ஊழியத்துக்குக் கொடுப்பது கடமை என்று சின்ன வயதிலிருந்தே சொல்லி வளர்க்கிறார்கள். பெண்களுக்குக் கட்டாயம் இல்லை. விரும்பினால் 18 மாதம் போகலாம். 2012 அக்டோபரில் ஆண்களுக்கான குறைந்தபட்ச வயதை 19-லிருந்து 18 ஆகவும், பெண்களுக்கு 21-லிருந்து 19 ஆகவும் சபை குறைத்தது. அதன் பிறகு பெண்கள் போட்டி போட்டுக்கொண்டு கிளம்பினார்கள். இன்று உலகெங்கும் 70,000-க்கும் அதிகமான இளைஞர்கள் இந்த ஊழியத்தில் இருக்கிறார்கள்.

எந்த ஊர் என்று தெரியாது!

விண்ணப்பம் போடலாம். ஆனால் எந்த நாட்டுக்கு என்பதைப் போகிறவர் தேர்ந்தெடுக்க முடியாது. அது தலைமையகத்தின் முடிவு. 'கடவுள் காட்டும் வழியில் தலைவர்கள் முடிவெடுக்கிறார்கள்' என்பது அவர்களின் நம்பிக்கை. பக்கத்து மாநிலமாகவும் இருக்கலாம், மங்கோலியாவாகவும் இருக்கலாம்.

முன்பெல்லாம் ஒரு பெரிய வெள்ளை உறை தபாலில் வரும். அதைப் பிரிப்பதே வீட்டில் ஒரு விழா! சொந்தபந்தம், நண்பர்கள் எல்லோரும் கூடுவார்கள். எந்த நாடு என்று ஆளாளுக்கு ஊகம் சொல்வார்கள். பையன் நடுக்கத்தோடு உறையைக் கிழித்து ஊர்ப் பெயரை வாசித்ததும் வீடே அதிரும். 2018 முதல் அந்த அழைப்பு இணையத்தில் வருகிறது. உறைதான் போயிற்று, கூட்டமும் கூச்சலும் அப்படியே இருக்கிறது.

அடுத்தது பயிற்சி. யூட்டாவில் உள்ள புரோவோ நகரத்துப் பயிற்சி மையம் மிகப் பெரியது. அங்கே 50-க்கும் மேற்பட்ட மொழிகள் கற்றுத்தருகிறார்கள். கடினமான மொழி என்றால் சுமார் இரண்டு மாதப் பயிற்சி. அதற்குள் பேசக் கற்றுக்கொண்டு விமானம் ஏற வேண்டும். மையத்துக்கு வரும் பிள்ளையை வாசலில் கார் நிறுத்தி, பெட்டியை இறக்கி, கட்டிப்பிடித்து விடை கொடுத்துவிட்டுப் பெற்றோர் கிளம்பிவிட வேண்டும். நீட்டி முழக்கினால் அழுகைதான் மிஞ்சும் என்பது அனுபவம் சொல்லித்தந்த பாடம்.

பெயரும் போய்விடும்!

பெயர்ப்பட்டை மாட்டிய நிமிடத்திலிருந்து அவனை யாரும் சொந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள். ஆண் என்றால் 'எல்டர்', பெண் என்றால் 'சிஸ்டர்', அதோடு குடும்பப் பெயர். பதினெட்டு வயதுப் பையனை 'மூத்தவர்' என்ற பொருளில் அழைக்கிறார்கள். மீசைகூடச் சரியாக முளைத்திருக்காது!

காலை 6.30-க்கு எழ வேண்டும். உடற்பயிற்சி, வேதப் படிப்பு, மொழிப் படிப்பு. பிறகு நாள் முழுக்க வெளியே. இரவு 10.30-க்கு விளக்கை அணைத்துவிட வேண்டும். சினிமா கிடையாது. டி.வி. கிடையாது. காதல் கிடையவே கிடையாது. கையில் ஸ்மார்ட்போன் உண்டு. ஆனால் அதுவும் ஊழியத்துக்கு மட்டும்தான்.

எல்லாவற்றையும்விடக் கடினமான விதி, தனியாக இருக்கக் கூடாது என்பது. எப்போதும் இரண்டு பேர். அவரை 'கம்பேனியன்' என்பார்கள். குளியலறை தவிர எங்கே போனாலும் சேர்ந்தே போக வேண்டும். யாரோடு யார் என்பதை முடிவு செய்வது அந்தப் பகுதியின் தலைவர். ஒருவன் பண்ணையில் வளர்ந்தவனாக இருப்பான், இன்னொருவன் பெருநகரத்துப் பிள்ளை. ஒருவன் குறட்டை விடுவான், இன்னொருவனுக்கு ஊசி விழுந்தாலும் விழிப்பு வந்துவிடும். பொதுவாக ஆறு வாரத்துக்கு ஒருமுறை இடமாற்றப் பட்டியல் வரும். ஜோடி மாறலாம், ஊர் மாறலாம். கல்யாணம் ஆன பிறகு சம்சாரத்தை ஓட்டக் கற்றுக்கொண்டதே அந்த இரண்டு வருடத்தில்தான் என்று திரும்பி வந்தவர்கள் பலர் சிரித்துக்கொண்டே சொல்வது இதனால்தான்.

வாரத்தில் ஒரு நாள், பெரும்பாலும் திங்கட்கிழமை, ஓய்வு மாதிரி. துணி துவைக்க, காய்கறி வாங்க, முடி வெட்ட, வீட்டுக்கு எழுத... எல்லாவற்றுக்கும் அந்த ஒரு நாள்தான்.

செலவு யாருடையது? அமெரிக்காவிலிருந்து போகிறவர்கள் 2020 ஜூலை முதல் மாதம் 500 டாலர் கட்டுகிறார்கள். அதற்கு முன் 400. செலவு குறைந்த நாட்டுக்குப் போனாலும், ஜப்பானுக்குப் போனாலும் ஒரே தொகை. பள்ளி நாளிலிருந்தே புல் வெட்டி, கடையில் வேலை பார்த்துச் சேர்த்து வைப்பவர்கள் அதிகம். முடியாதவர்களுக்குச் சபையார் கைகொடுக்கிறார்கள்.

சில்லறையில் சேர்ந்த பயணம்

பணத்தைப் பற்றிப் பேசும்போது கோர்டன் ஹிங்க்லியின் கதையைச் சொல்லாமல் இருக்க முடியாது.

1933. அமெரிக்கா பொருளாதார மந்தத்தில் தத்தளித்த நேரம். 23 வயது ஹிங்க்லிக்கு இங்கிலாந்து ஊழியத்துக்கு அழைப்பு வந்தது. அந்தக் காலத்தில் அதிகச் செலவு பிடிக்கும் இடம் அது. எப்படிப் போவது என்று வீடே கைபிசைந்து நின்றது. அவருடைய அம்மா 1930-லேயே இறந்துவிட்டிருந்தார். அந்த அம்மா, மளிகை வாங்கி மிஞ்சிய சில்லறையைச் சிறுகச் சிறுக ஒரு கணக்கில் போட்டுவைத்திருந்தார். பிள்ளைகள் ஊழியத்துக்குப் போகும்போது உதவட்டும் என்று!

அந்தச் சில்லறை கைகொடுக்க, கப்பல் ஏறிய மகன், இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் போய் இறங்கினார். புல்வெளி மகரந்தம் ஒத்துக்கொள்ளாமல் உடம்பு படுத்தியது. தெருவில் நின்று பேசினால் கேட்க ஆள் இல்லை. சில வாரங்களில் மனம் உடைந்து அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். என் நேரமும் உங்கள் பணமும்தான் வீணாகிறது, இதில் பலன் இல்லை என்று.

அப்பாவிடமிருந்து பதில் வந்தது. ஆறுதல் இல்லை, அறிவுரைப் பட்டியல் இல்லை. உன்னை மறந்துவிட்டு வேலையைப் பார் என்ற ஒரே யோசனைதான். மகன் அறைக்குள் போய் முழங்காலிட்டு ஜெபித்தார். தன் வாழ்க்கை திசை திரும்பிய நாள் அதுதான் என்று பிற்காலத்தில் பலமுறை சொன்னார். 1995 முதல் 2008-ல் இறக்கும் வரை சபையின் உலகத் தலைவராக இருந்தவர் அவரே.

வாழைப்பழத்தோடு வந்த அம்மா

இதைவிட மனதைப் பிசையும் கதை ஒன்று இன்னும் பின்னால், 1854-ல் இருக்கிறது. ஜோசப் எஃப். ஸ்மித் அப்போது 15 வயதுச் சிறுவன். ஐந்து வயதில் அப்பாவை ஒரு வன்முறைக் கும்பல் சுட்டுக் கொன்றது. 13 வயதில் அம்மாவும் போய்விட்டார். தங்கையை ஊரில் விட்டுவிட்டு, அந்தச் சிறுவன் ஹவாய் தீவுகளுக்கு ஊழியத்துக்கு அனுப்பப்பட்டான்.

அங்கே கடுமையாகக் காய்ச்சலில் விழுந்தான். பார்த்துக்கொள்ள ஆளில்லை. மனுஹி என்ற ஹவாய்ப் பெண் அவனைத் தன் பிள்ளையாக நினைத்து மடியில் போட்டுப் பார்த்துக்கொண்டார். பிழைத்தான்.

பல பத்தாண்டுகள் உருண்டோடின. அவர் சபையின் உலகத் தலைவராக ஹொனலுலு துறைமுகத்தில் இறங்குகிறார். மாலைகளோடு கூட்டம். அந்தக் கூட்டத்தில் பார்வை இழந்த ஒரு முதிய பெண்மணி, கையில் சில வாழைப்பழங்களோடு, ஹவாய் மொழியில் 'யோசேபா' என்று அவர் பெயரைச் சொல்லி அழைத்தபடி தடுமாறி வருகிறார். தலைவர் ஓடிப்போய் அவரைக் கட்டிக்கொண்டார். அம்மா, அம்மா என்று உருகினார். நான் சிறுவனாக நோயில் கிடந்தபோது என்னைக் காத்தவர் இவர் என்று கூட வந்தவரிடம் கண்ணீரோடு சொன்னார்.

வருடத்துக்கு இரண்டு அழைப்பு

பல பத்தாண்டுகளாக ஊழியத்தில் இருப்பவர் வீட்டுக்குத் தொலைபேசியில் பேச வருடத்துக்கு இரண்டே நாள்தான். கிறிஸ்துமஸ், அன்னையர் தினம். மற்றபடி கடிதம், பிற்பாடு வாரம் ஒரு மின்னஞ்சல். தங்கை கல்யாணத்தைப் போட்டோவில் பார்த்தவர்கள் உண்டு. தாத்தா இறந்த செய்தியைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டப் போனவர்கள் உண்டு. 'உனக்காகக் காத்திருப்பேன்' என்று சொன்ன காதலி, வேறொருவரோடு திருமணம் என்று எழுதிய கடிதத்தைப் பிரித்தவர்களும் உண்டு.

வீட்டு நினைப்பு வந்து வேலையில் மனம் ஒட்டாதவனுக்கு அவர்களுக்குள் ஒரு கேலிப் பெயரே இருக்கிறது - 'ட்ரங்க்கி'. மனசுக்குள் டிரங்குப் பெட்டியைக் கட்டிவிட்டான் என்று அர்த்தம்!

2019 பிப்ரவரியில் சபை இந்த விதியைத் தளர்த்தியது. இப்போது வாரத்துக்கு ஒருமுறை வீட்டோடு போனிலோ, வீடியோவிலோ பேசலாம். அடுத்த வருடமே அதன் அருமை புரிந்தது. 2020 மார்ச்சில் கொரோனா பரவியபோது, அந்நிய நாடுகளில் இருந்த பல்லாயிரம் பேர் அவசர அவசரமாக ஊர் திரும்பினார்கள்.

சீக்கிரம் திரும்பியவர்கள்

எல்லோருக்கும் பலூனும் பதாகையும் கிடைப்பதில்லை. உடல்நலம் கெட்டு, மன அழுத்தம் தாங்காமல், சில வேளை நம்பிக்கையே ஆட்டம் கண்டு, பாதியில் திரும்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு வருடத்தைப் பெருமையாகப் பேசும் சமூகத்தில், நாலு மாதத்தில் வந்தவன் தலைகுனிந்து நடக்கிறான். 'ஏன் வந்துவிட்டாய்?' என்று யாரும் கேட்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் திரும்பிப் பார்க்கும் பார்வையே போதும்.

சபைக்கும் இது புரியாமல் இல்லை. மூத்த தலைவர்களில் ஒருவராக இருந்த ஜெஃப்ரி ஹாலண்ட், உடல்நலத்தாலோ மனநலத்தாலோ சீக்கிரம் திரும்பியவர்கள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை, கொடுத்த மாதங்களுக்காகப் பெருமைப்பட வேண்டும் என்று 2016-ல் வெளிப்படையாகவே பேசினார். வெளியூர் போக முடியாதவர்கள் வீட்டில் இருந்தபடியே உணவு வங்கி போன்ற இடங்களில் சேவை செய்யவும் இப்போது வழி இருக்கிறது. பார்வைகள் மாறத்தான் இன்னும் நாள் பிடிக்கும்.

முழுதாக முடித்தவர்களும் கை நிறைய ஆள் சேர்த்துக்கொண்டு வருவதில்லை. ஐரோப்பிய நாடுகளில் இரண்டு வருடமும் அலைந்து விரல்விட்டு எண்ணும் அளவுக்கே ஞானஸ்நானம் கொடுத்தவர்கள் ஏராளம். பின்னாளில் அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் நின்ற மிட் ராம்னி, 1960-களில் மது அருந்தாதே என்று பிரான்ஸ் நாட்டில் போய்ச் சொன்னவர்! முகத்தில் அடித்தாற்போல் சாத்தப்பட்ட கதவுகளை நிறையப் பார்த்தார். 1968-ல் அங்கே நடந்த கார் விபத்தில் அவர் இறந்துவிட்டதாகவே போலீஸ்காரர் ஒருவர் குறித்துவிட்டார். பிழைத்து எழுந்தவர், ஊழியத்தை முடித்துவிட்டே ஊர் திரும்பினார்.

பட்டையைக் கழற்றும் இரவு

விமான நிலையத்தில் அழுது, சிரித்து, போட்டோ எடுத்து முடித்த பிறகும் ஒரு சடங்கு பாக்கி இருக்கிறது. உள்ளூர்த் தலைவரைச் சந்திக்க வேண்டும். 'உன் ஊழியம் முடிந்தது' என்று அவர் சொன்ன பிறகுதான் அந்தக் கறுப்புப் பட்டையைக் கழற்றலாம். இரண்டு வருடம் 'எப்போது வீட்டுக்குப் போவோம்' என்று ஏங்கியவர்கள்கூட அந்த நிமிடத்தில் உடைந்து அழுவது உண்டு.

அன்று இரவு அவன் தன் பழைய அறையில் தனியாகப் படுக்கிறான். பக்கத்துக் கட்டிலில் கம்பேனியன் இல்லை. காலையில் 6.30-க்கு எழ வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் விழிப்பு வந்துவிடுகிறது. அடுப்படியிலிருந்து ஒரு குரல் அவனைச் சாப்பிடக் கூப்பிடுகிறது. எல்டர் என்று இல்லை. இரண்டு வருடமாக யாரும் கூப்பிடாத அவன் சொந்தப் பெயரைச் சொல்லி!