பெயிண்ட் வேலையும் ஒயரிங் வேலையும் ஒரே வேலைதான்!



பழைய கார் ஒன்றை "ரெடி பண்ணியாச்சு" என்று யாராவது சொன்னால் நாம் முதலில் எதைப் பார்ப்போம்? வெளிப் பெயிண்டைப் பார்ப்போம். பம்பரில் நம் முகம் தெரிகிறதா என்று பார்ப்போம். சீட்டைத் தடவிப் பார்ப்போம். பானெட்டைத் தூக்கி, எஞ்சினுக்கும் டிரைவர் காலுக்கும் நடுவில் இருக்கும் அந்த ஒற்றைத் தகட்டை எத்தனை பேர் பார்க்கிறோம்?

அந்தத் தகடுதான் பயர்வால். பல்க்ஹெட் என்றும் சொல்வார்கள். எஞ்சின் பக்கம் தீ பிடித்தால் அது சட்டென்று உள்ளே வந்துவிடாமல் தடுக்கிற சுவர். ஆனால் வேடிக்கை பாருங்கள், பழைய கார்களில் முக்கியமான ஒயர்கள் எல்லாம் இந்தச் சுவரில்தான் படர்ந்திருக்கும், இதைத் துளைத்துக்கொண்டுதான் டாஷ்போர்டுக்குப் போகும். தீயைத் தடுக்க வேண்டிய இடமே தீ பிறக்கிற இடமாகவும் ஆகலாம். ஆகவே பழைய காரைப் புதுப்பிப்பவன் முதலில் கை வைக்க வேண்டியது இங்கேதான் என்பது என் கட்சி. ஏன் என்று சொல்கிறேன்.

நம்ம ஊர் ஹெரால்டு

மூன்றாம் ஆண்டு புராஜெக்டுக்காக நாங்கள் ஐந்து பேர் எடுத்துக்கொண்டது ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்தில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். உருவம் வரைந்தவர் இத்தாலியரான ஜியோவானி மிக்கெலோட்டி. சென்னையை அடுத்த வண்டலூர்ப் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையில் 1961 முதல் இது தயாரானது. 948 சி.சி. எஞ்சின். சேஸிஸ் தனி, பாடி தனி. பாடியைப் பகுதி பகுதியாக போல்ட் போட்டு மாட்டியிருப்பார்கள். பானெட் இரண்டு மட்கார்டுகளோடும் சேர்ந்து முன்பக்கமாகக் கவிழும். முன் டயர் மேல் உட்கார்ந்துகொண்டே வேலை பார்க்கலாம். கற்றுக்கொள்கிறவனுக்கு இதைவிட வசதியான வண்டி கிடைக்காது.

எங்களிடம் வந்தது என் வகுப்புத் தோழனுடைய தாத்தாவின் வண்டி. பல வருடம் ஷெட்டில் கிடந்தது. "ஸ்கிராப்புக்குப் போட்டுடுங்க" என்று பலர் சொல்லியும் தாத்தா கேட்கவில்லை. "ஒரே ஒரு தடவை பாட்டியை உட்கார வச்சு கோயிலுக்குக் கூட்டிட்டுப் போகணும்ப்பா" என்றார். டாஷ்போர்டைக் கழற்றிப் பார்த்தபோது உள்ளே ஓர் அடி நீளத்துக்கு ஒயர்கள் கருகி, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடந்தன. யாரோ ஒருவர் கருகிய இடத்தை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் வேறு ஒயரை முறுக்கி டேப் சுற்றியிருந்தார். எண்பது வயதைத் தாண்டிய இரண்டு பேர் அவசரத்துக்கு இறங்கி ஓட முடியாதவர்கள். அந்த ஓர் அடி கரியைப் பார்த்த பிறகு, மார்க்குக்காக மட்டும் செய்யும் வேலையாக இது எங்களுக்குத் தோன்றவில்லை.

ஒயர் ஏன் கெடுகிறது?

பழைய ஒயரின் மேலுள்ள பி.வி.சி. உறையை மெதுவாக வைத்திருப்பது அதில் கலந்த ஒருவகை எண்ணெய்ப் பொருள். வருடக்கணக்கில் எஞ்சின் சூட்டில் அது வெளியேறிவிடும். உறை அப்பளம் மாதிரி ஆகிவிடும், வளைத்தால் உடையும். உடைந்த இடம் பாடியைத் தொட்டால் ஷார்ட்!

அந்தக் காலத்து பிரிட்டிஷ் வகைக் கார்களில் பியூஸ்கள் மிகச் சில. பேட்டரியிலிருந்து வரும் முக்கிய ஒயரில் பல வண்டிகளில் பியூஸே கிடையாது. அங்கே ஷார்ட் ஆனால் நூறு ஆம்பியருக்கு மேல் பாயும். ஒயரே ஹீட்டர் காயிலாகி, பக்கத்து ஒயர்களையும் சேர்த்து உருக்கிவிடும். பியூஸ் என்பது ஒயருக்குக் காவல்காரன், பல்புக்கு அல்ல; இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு சூட்சுமம். லூகாஸ் கண்ணாடிப் பியூஸில் 35 ஆம்பியர் என்று இருந்தால் அது உருகும் அளவு. தொடர்ந்து தாங்குவது சுமார் 17 ஆம்பியர்தான். இன்றைய பிளேடு பியூஸில் எழுதியிருப்பது தொடர்ந்து தாங்கும் அளவு. "35-க்கு 35" என்று மாற்றினால் காவல்காரனைத் தூங்க வைத்த மாதிரி!

கழற்றும் முன் படி

கத்தரியைக் கையில் எடுக்கும் முன் நோட்டை எடுக்க வேண்டும். ஒவ்வோர் இணைப்பையும் செல்போனில் படம் பிடித்தோம். ஒவ்வொரு ஒயர் முனையிலும் மாஸ்கிங் டேப் ஒட்டி எண் எழுதினோம். எங்கிருந்து, எங்கே, என்ன நிறம் என்று மூன்று காலம் போட்ட அட்டவணை தயாரானது.

நிறங்களுக்கு ஒரு இலக்கணம் உண்டு. பிரிட்டிஷ் முறையில் பழுப்பு என்றால் பேட்டரியிலிருந்து நேராக வரும் ஒயர், எப்போதும் உயிரோடிருக்கும். வெள்ளை இக்னிஷன் சாவியைத் திருப்பிய பின் உயிர் பெறும். பச்சை, அதே சாவி வழியாக வந்து பியூஸையும் தாண்டியது. சிவப்பு பார்க்கிங், டெயில் விளக்குகளுக்கு. நீலம் ஹெட்லைட்டுக்கு, அதில் வெள்ளைக் கோடு இருந்தால் பிரைட், சிவப்புக் கோடு இருந்தால் டிம். கறுப்பு எர்த். இதைத் தெரிந்துகொண்டால் காடு மாதிரித் தெரியும் ஒயர்க்கட்டு ஊர் வரைபடம் மாதிரித் தெளிவாகிவிடும்.

எங்களுக்கு வழிகாட்டிய எலக்ட்ரீஷியன் அண்ணன் முதல் நாளே கேட்டார்: "தம்பி, இந்த வண்டிக்கு எர்த் பிளஸ்ஸா, மைனஸா?" நாங்கள் விழித்தோம். அந்தக் காலத்து பிரிட்டிஷ் கார்கள் பலவற்றில் பேட்டரியின் பாசிட்டிவ் முனைதான் பாடியோடு சேர்ந்திருக்கும். அது தெரியாமல் இன்றைய எலக்ட்ரானிக் சாமான் எதையாவது மாட்டினால் புகைந்துவிடும். ஆகவே பேட்டரி கேபிளைப் பார்த்து எழுதி வைத்த பிறகே அடுத்த வேலை. பேட்டரியைக் கழற்றும்போது எர்த் கேபிளை முதலில் எடுக்க வேண்டும். மாட்டும்போது அதைக் கடைசியில் மாட்ட வேண்டும். அப்போதுதான் ஸ்பேனர் தவறிப் பாடியில் பட்டாலும் பொறி பறக்காது.

பயர்வாலின் மூன்று எதிரிகள்

ஹெரால்டில் பேட்டரி உட்காருவது பயர்வாலை ஒட்டிய தட்டில். அதில் கசிந்த ஆசிட் முதல் எதிரி. பிரேக், கிளட்ச் மாஸ்டர் சிலிண்டர்களும் அங்கேதான். அவற்றிலிருந்து கசியும் பிரேக் ஆயில் பெயிண்டைத் தோல் உரிப்பது போல் உரித்துவிடும், இது இரண்டாவது. கண்ணாடி ரப்பர் வழியாக இறங்கும் மழைத்தண்ணீர் மூன்றாவது. மூன்றும் சேர்ந்து எங்கள் வண்டியின் பேட்டரித் தட்டைச் சல்லடை ஆக்கியிருந்தன. டார்ச் அடித்தால் உள்ளே இருந்த கால்மிதி தெரிந்தது!

செய்த வேலையை வரிசையாகச் சொல்கிறேன்:

1. பயர்வாலில் இருந்த எல்லாவற்றையும் கழற்றினோம். சேஸிஸ் எண் உள்ள தட்டையும், பொறித்த எண்களையும் தேய்க்கவோ, பெயிண்டால் மூடவோ கூடாது. ஆர்.சி.யில் உள்ள எண்ணோடு ஒப்பிட்டு, பத்திரமாக மூடி வைத்தோம்.

2. ஆசிட் பட்ட இடத்தைச் சமையல் சோடா கரைத்த தண்ணீரால் கழுவினோம். நுரை அடங்கும் வரை கழுவ வேண்டும். இல்லாவிட்டால் புதுப் பெயிண்டுக்கு அடியில் அரிப்பு தொடரும்.

3. துரு தின்ற பகுதியை வெட்டி எடுத்து, 20 கேஜ் தகட்டில் ஒட்டு வெட்டி வெல்டிங் வைத்தோம். வெல்டிங்குக்கு முன் பெட்ரோல் டேங்கையும் பேட்டரியையும் வண்டியை விட்டே வெளியே எடுத்துவிட்டோம்.

4. மீதிப் பரப்பை உப்புத்தாளால் தண்ணீர் விட்டுத் தேய்த்தோம். அறுபதுகளின் பெயிண்டில் ஈயம் இருக்கலாம். உலரத் தேய்த்தால் தூள் நுரையீரலுக்குள் போகும்.

5. துரு நீக்கும் பாஸ்பாரிக் ஆசிட் திரவம், கழுவல், நன்றாக உலர்த்தல், பிறகு எபாக்சி பிரைமர். பட்டியை மிகக் குறைவாகவே வைத்தோம். சூடு படும் இடத்தில் கனமாகப் பட்டி வைத்தால் வெடிக்கும்.

6. மேல் பெயிண்டுக்கு 2கே பியூ. அதன் ஹார்டனரில் உள்ள ஐசோசயனேட் ஆஸ்துமாவை உண்டாக்கக் கூடியது. கர்ச்சீப் கட்டிக்கொண்டு அடிக்கிற பெயிண்ட் அல்ல இது! ஆகவே சரியான முகக்கவசம் உள்ள பெயிண்ட் பூத்தில் கொடுத்து அடிக்கச் செய்தோம்.

இப்போதுதான் விஷயமே!

பளபளவென்று பயர்வால் வந்து சேர்ந்தது. எல்லோருக்கும் சந்தோஷம். எலக்ட்ரீஷியன் அண்ணன் மட்டும் ஒரு கத்தியை எடுத்துப் புதுப் பெயிண்டைச் சுரண்ட ஆரம்பித்தார். எங்களுக்கு உயிரே போய்விட்டது. "அண்ணே, என்ன பண்றீங்க?" என்றோம். "பெயிண்ட்ல கரண்ட் போகுமா தம்பி?" என்று திருப்பிக் கேட்டார்.

யோசித்துப் பாருங்கள். காரில் ஒவ்வொரு பல்புக்கும் போக ஒரு ஒயர்தான். திரும்பி வர பாடிதான் ஒயர். எர்த் ஒயரைப் புதுப் பெயிண்டின் மேல் போல்ட் போட்டு முடுக்கினால், நடுவில் இருக்கும் பெயிண்ட் இன்சுலேட்டர். போல்ட்டின் மரை வழியாகக் கொஞ்சம் கரண்ட் திரும்பும், ஆனால் ரெசிஸ்டன்ஸ் ஏறிவிடும்.

கணக்குப் போடுவோம். 45 வாட் ஹெட்லைட் இரண்டு, 12 வோல்ட். மொத்தம் சுமார் 7 ஆம்பியர். எர்த்தில் வெறும் 0.2 ஓம் கூடுதலாக இருந்தால் இழப்பு 1.4 வோல்ட். "12-இல் 1.4 போனால் என்ன?" என்பீர்கள். பல்பின் வெளிச்சம் வோல்டேஜுக்கு நேர் விகிதத்தில் குறைவதில்லை. அதைவிட வேகமாகக் குறையும். இந்த இழப்புக்கு வெளிச்சத்தில் சுமார் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். இழந்த சக்தி அந்த எர்த் போல்ட்டில் சூடாக மாறும். 7 ஆம்பியர் பெருக்கல் 1.4 வோல்ட், கிட்டத்தட்ட 10 வாட். சின்ன சால்டரிங் அயர்ன் ஒன்றைப் பயர்வாலில் சொருகி வைத்த மாதிரி! பெயிண்ட் அடித்த பிறகு விளக்கு மங்கினால், பலரும் டைனமோவைக் குறை சொல்வார்கள், பேட்டரியை மாற்றுவார்கள். குற்றவாளி அந்தப் பளபளப்புக்கு அடியில் ஒளிந்திருப்பான்.

ஆகவே எர்த் புள்ளி ஒவ்வொன்றிலும் லக்ஸ் உட்காரும் அளவுக்கு மட்டும் பெயிண்டைச் சுரண்டி, பல் வாஷர் போட்டு முடுக்கி, அதன் மேல் வாஸ்லின் தடவினோம். பயர்வாலிலிருந்து எஞ்சினுக்கும் சேஸிஸுக்கும் தடித்த எர்த் பட்டைகளைப் புதிதாக இழுத்தோம்.

ஒயர் ஓட்டம்

புது ஒயர்களை அதே நிற இலக்கணப்படி ஓட்டினோம். நாளை வேறொருவர் திறந்து பார்த்தாலும் புரிய வேண்டுமல்லவா? 3 மீட்டர் ஒயரில் 7 ஆம்பியர் போனால், 1 சதுர மி.மீ. ஒயரில் 0.36 வோல்ட் இழப்பு, 2.5 சதுர மி.மீ. ஒயரில் 0.15 வோல்ட்தான். அதனால் ஹெட்லைட்டுக்கு 2.5, சின்ன விளக்குகளுக்கு 1. பேட்டரியிலிருந்து வரும் முக்கிய ஒயருக்குப் பேட்டரி அருகிலேயே ஒரு பியூஸ். ஸ்டார்ட்டர் மோட்டாரின் கேபிள் மட்டும் தனி. பயர்வால் துளை ஒவ்வொன்றிலும் புது ரப்பர் கிராமெட். தகட்டின் விளிம்பு கத்தி மாதிரி. கிராமெட் இல்லாத துளையில் வண்டி ஆட ஆட ஒயர் அறுபடும்.

கடைசியாக, முதல்முறை பேட்டரி கொடுக்கும்போது நேராகக் கொடுக்காதீர்கள். பேட்டரி கேபிளுக்கு நடுவில் 12 வோல்ட், 21 வாட் பல்பு ஒன்றைத் தொடரில் மாட்டுங்கள். எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு முழுசாக எரியும், அவ்வளவுதான். இரண்டு ஆம்பியருக்கு மேல் போகாது, ஒயர் கருகாது. எல்லாச் சுவிட்சும் அணைந்திருக்கும்போது பல்பு எரியாவிட்டால் தைரியமாக நேர் இணைப்புக் கொடுக்கலாம். பிறகு ஹெட்லைட்டைப் போட்டு, பேட்டரியின் எர்த் முனைக்கும் விளக்கின் எர்த் முனைக்கும் நடுவே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருக்க வேண்டும். எங்களுக்கு 0.08 வந்தது. அன்று சாயங்காலம் டீ செலவு அண்ணனுடையது! அடுத்த வாரம் தோழனின் அப்பா ஓட்ட, தாத்தாவும் பாட்டியும் கோயிலுக்குப் போய் வந்தார்கள்.

சட்டமும் நாமும்

50 வயதைத் தாண்டிய வண்டிகளை வின்டேஜ் வாகனமாகப் பதிய மத்திய அரசு 2021-இல் விதி கொண்டுவந்தது. நம்பர் பிளேட்டில் மாநில எழுத்துக்குப் பின் 'விஏ' என்ற எழுத்துகள் வரும். சேஸிஸ், பாடி, எஞ்சின் ஆகியவற்றைப் பெரிதாக மாற்றியிருக்கக் கூடாது என்பது நிபந்தனை. ஆகவே புதுப்பிப்பது வேறு, மாற்றியமைப்பது வேறு என்பதை ஆரம்பத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

"எலக்ட்ரிக் கார் வந்துடுச்சு, இன்னும் ஹெரால்டா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரிக் காரிலும் விளக்கு, ஹாரன், வைப்பருக்கு 12 வோல்ட் லைன் இருக்கிறது. அதற்கும் பாடிதான் எர்த். அங்கேயும் ஓம் விதி அதே ஓம் விதிதான். டிங்கரிங், பெயிண்டிங், எலக்ட்ரிக்கல் என்று மூன்று கடை, மூன்று ஆள் என வேலை பிரிந்து கிடக்கிறது. மூன்றையும் சேர்த்துப் பார்க்கத் தெரிந்தவன்தான் டிப்ளமோக்காரன். ஜூனியர் தம்பி தங்கைகளே, ஒர்க்ஷாப் ஷெட்டில் கிடக்கும் ஏதாவது ஒரு பழைய வண்டியின் பானெட்டைத் திறந்து, எர்த் போல்ட் ஒன்றைக் கழற்றி, அடியில் பெயிண்ட் இருக்கிறதா என்று பாருங்கள். பாடம் அங்கிருந்தே ஆரம்பிக்கட்டும்!